சுட்ட கோதை வீட்டில் நிரப்பலாமா? படுவான்கரை முதல் பொத்துவில் வரை வயல் காப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

பெரும்போக வேளாண்மை குடலைப் பருவத்துக்கு வந்துவிட்டால் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் எங்கள் வட்டையில், அதாவது வயல்வெளியில், பேச்செல்லாம் பன்றியையும் யானையையும் பற்றித்தான். அடுத்த பேச்சு தோட்டா. கிடைப்பதில்லை, கிடைத்தாலும் விலை தாங்கவில்லை. பரணில் இரவு முழுவதும் விழித்திருப்பவர்கள் சுட்டு முடித்த வெற்றுக் கோதைக் கையில் உருட்டிக்கொண்டு, இதை மறுபடி நிரப்ப முடியாதா என்று கேட்பார்கள். நானும் கேட்டவன்தான். என் தந்தைக்குப் பிறகு விண்ணப்பித்து, பயிர்க் காவலுக்கான அனுமதிப்பத்திரத்தோடு நெடுங்காலமாகத் துவக்கு (துப்பாக்கி) வைத்திருக்கிறேன். ஒருமுறை கனடாவில் இருக்கும் தங்கை மகன் வீட்டில் இரண்டு மாதம் தங்கியபோது, அவன் தன் ரைபிள் தோட்டாக்களைத் தானே நிரப்புவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அங்கே கண்டதையும் இங்கே பட்டதையும் வைத்து இந்தப் பதில்களை எழுதுகிறேன்.

சுட்ட கோதை மறுபடி நிரப்புவது உண்மையிலேயே நடக்கிற காரியமா?

நடக்கிற காரியம்தான். ஒரு ரைபிள் தோட்டாவில் நான்கு பொருள்கள் இருக்கின்றன: கோது, அதன் அடியில் பொருத்திய கேப் (விசை இழுத்ததும் முதலில் பற்றி மருந்தைக் கொளுத்தும் சிறு மூடி), உள்ளே வெடிமருந்து, வாயில் செருகிய குண்டு. சுட்டவுடன் கேப் செத்துவிடும், மருந்து எரிந்துவிடும், குண்டு போய்விடும். மிஞ்சுவது கோது மட்டுமே. அது பித்தளை, ஏறக்குறைய எழுபது பங்கு செம்பும் முப்பது பங்கு துத்தநாகமும் சேர்ந்தது. தோட்டாவின் விலையில் பெரும்பகுதி இந்தப் பித்தளைக்குத்தான் போகிறது. அதனால்தான் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஐரோப்பாவின் பல நாடுகளிலும் இலக்குச் சுடும் விளையாட்டுக்காரர்களும் வேட்டைக்காரர்களும் கோதைப் பொறுக்கி வைத்து மறுபடி நிரப்புகிறார்கள்.

மருமகன் செய்ததைச் சொல்கிறேன். முதலில் கோதைக் கழுவிக் காயவைத்து, கழுத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று பூதக்கண்ணாடியால் பார்ப்பான். சுடும்போது கோது விரிந்து, துவக்கில் தோட்டா உட்காரும் அறையின் சுவரோடு ஒட்டிவிடும். அதை ஓர் உருக்கு அச்சுக்குள் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவருவான். அதே அழுத்தத்தில் செத்த கேப் வெளியே விழும். நீளம் கூடியிருந்தால் வெட்டிச் சரிசெய்வான். பிறகு புதுக் கேப், நிறுத்த மருந்து, குண்டு. ஒவ்வொன்றுக்கும் தனிக் கருவி உண்டு. இருபது தோட்டா செய்ய ஒரு பின்னேரம் முழுவதும் போனது. அந்த நேரத்தில் வானொலி இல்லை, தொலைபேசி இல்லை, பிள்ளைகள் அந்த அறைக்குள் வரக்கூடாது. நான் பேச்சுக் கொடுத்தபோது, "மாமா, இதை முடித்துவிட்டுப் பேசுவோம்" என்று மரியாதையாக என் வாயை அடைத்தான்.

எல்லாக் கோதையும் நிரப்ப முடியாது. சிறிய 22 தோட்டாவில் கேப் என்று தனியாக ஒன்று இல்லை; எரியும் மருந்து கோதின் விளிம்புக்குள்ளேயே பூசப்பட்டிருக்கும். சுட்டால் விளிம்பு நசுங்கிவிடும், அதோடு அதன் கதை முடிந்தது. இராணுவத் தோட்டாக்கள் பலவற்றில் கேப் உட்காரும் குழியின் அடியில் மையத்தில் ஒரு துளைக்குப் பதிலாக இரண்டு சிறு துளைகள் இருக்கும். அவற்றையும் வீட்டுக் கருவிகளால் எளிதில் நிரப்ப முடியாது.

அப்படியானால் நாமும் இங்கே செய்யலாம்தானே?

இல்லை. இதைச் சுற்றிவளைக்காமல் சொல்லிவிடுகிறேன். இலங்கையில் துவக்கை ஆள்வது 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம். மருந்தையும் கேப்பையும் ஆள்வது 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெடிபொருட்கள் சட்டம். அனுமதியின்றி வெடிபொருளைச் செய்வதும் குற்றம், வைத்திருப்பதும் குற்றம். துவக்குக்கான அனுமதிப்பத்திரம் துவக்கை வைத்திருக்கத்தான் உரிமை தருகிறது. வாடிக்குள் (வயல் குடிலுக்குள்) இருந்து தோட்டா செய்ய அது உரிமை தருவதில்லை. 1996ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் துவக்குக் குற்றங்களுக்கான தண்டனைகளை இன்னும் கடுமையாக்கியது. தானியங்கித் துவக்கு என்றால் ஆயுள் தண்டனை வரை போகும்.

இதோடு எங்கள் மண்ணுக்குரிய ஒன்றையும் சேர்த்துப் பாருங்கள். மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ ஒரு தமிழனோ முஸ்லிமோ மருந்துப் பொட்டலத்தோடும் கோதுகளோடும் பிடிபட்டால், விசாரணை பன்றியோடு நின்றுவிடாது. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் என்றால் என்னவென்று இந்த இரண்டு மாவட்டங்களில் எந்த வீட்டுக்கும் விளக்க வேண்டியதில்லை. ஒரு மூடை நெல்லைக் காப்பாற்றப் போய் ஒரு குடும்பம் பல வருடம் சிறைவாசலில் நிற்பதை நான் விரும்பவில்லை.

சட்டத்தை விடுங்கள். மருந்து கொஞ்சம் கூடிக் குறைந்தால் அப்படி என்னதான் நடக்கும்?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் எழுத வேண்டும். நிரப்புவதன் ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது.

மருமகனின் மேசையில் நான் முதலில் கவனித்தது தராசு. தங்கம் நிறுக்கும் தராசைவிட நுணுக்கமானது. மருந்தை அவர்கள் கிராமில் நிறுப்பதில்லை, 'கிரெயின்' என்ற அளவில் நிறுக்கிறார்கள். ஓர் இறாத்தலில் 7,000 கிரெயின். அதாவது ஒரு கிராமைப் பதினைந்தாகப் பங்கிட்டால் ஒரு பங்கு ஏறக்குறைய ஒரு கிரெயின். அவன் தராசு அந்தக் கிரெயினையும் பத்தாகப் பிரித்துக் காட்டியது. விரல் நுனியில் ஒட்டும் சில மணிகள் கூடினாலே அந்தத் தோட்டாவைக் கொட்டிவிட்டு மறுபடி நிறுத்தான்.

ஏன் இவ்வளவு கவனம்? ஒரு காரின் டயரில் சதுர அங்குலத்துக்கு முப்பது இறாத்தல் அளவில் காற்றழுத்தம் இருக்கும். பன்னிரண்டு போர் (bore, குழாயின் அளவு) துவக்கின் அறைக்குள், வழக்கமான 70 மில்லிமீற்றர்த் தோட்டாவுக்கு அனுமதிக்கப்படும் உச்ச அழுத்தம் 11,500 இறாத்தல். பழைய 303 ரைபிளுக்கு 49,000. அது உங்கள் கன்னத்திலிருந்து ஒரு சாண் தூரத்தில் நிகழ்கிறது. இன்றைய தோட்டாக்களில் இருக்கும் புகையில்லா மருந்தின் குணம் ஒன்று உண்டு: அழுத்தம் ஏற ஏற அது இன்னும் வேகமாக எரியும், வேகமாக எரிய எரிய அழுத்தம் இன்னும் ஏறும். அதனால் மருந்தைக் கொஞ்சம் கூட்டினால் அழுத்தமும் கொஞ்சம்தான் கூடும் என்ற கணக்கு அங்கே செல்லாது. ஓர் எல்லையைத் தாண்டியதும் உருக்குக் குழாய் பூவைப் போல விரிந்துவிடும்.

மருந்துகளும் ஒரே வகையல்ல. பார்வைக்கு எல்லாம் கறுப்பு மணிகள், சிறு குச்சிகள், தட்டைகள். கைத்துப்பாக்கிக்கு என்று செய்த வேகமான மருந்தை ரைபிள் கோதில் அதே அளவு போட்டால் ரைபிள் சிதறும். மருமகனின் மேசையில் எப்போதும் ஒரேயொரு மருந்துப் போத்தல்தான் திறந்திருக்கும். இன்னொன்றைத் திறப்பதற்கு முன் முதலாவது அலுமாரிக்குள் போய்விடும். ஊரில் கையிலிருந்து கைக்கு மாறி வரும் பொட்டல மருந்துக்குப் பெயர் ஏது, வகை ஏது?

மருந்து குறைந்தாலும் சாவுதான். குண்டு குழாயின் நடுவில் சிக்கிக்கொள்ளும். சத்தம் மெல்லியதாக வரும்; இருட்டில் பன்றி ஓடிக்கொண்டிருக்கும்போது யார் அதைக் கவனிப்பார்கள்? அடுத்த தோட்டாவைப் போட்டுச் சுட்டால், முன்னே அடைத்து நிற்கும் குண்டின் பின்னால் குழாய் வெடிக்கும்.

என் பெரியப்பா ஒருவரின் இடது கையில் மூன்று விரல்கள்தான் இருந்தன. சின்ன வயதில் அவர் மடியில் இருந்து அந்தக் கையைத் தடவிப் பார்த்திருக்கிறேன். அவர் ஒருபோதும் அந்த இரவைப் பற்றிப் பேசியதில்லை. பெரியம்மாதான் சொன்னார்: வீட்டில் நிரப்பிய தோட்டா, அதுவும் மூன்றாவது. முதல் இரண்டும் நன்றாகவே சுட்டன. அந்த இரண்டும் சரியாகச் சுட்டதால்தான் மூன்றாவதை நம்பினார்.

தீக்குச்சி மருந்து, சீனவெடி மருந்து வைத்துச் செய்வதாகச் சிலர் சொல்கிறார்களே?

செய்கிறார்கள், கையை இழக்கிறார்கள். தீக்குச்சியிலும் வெடியிலும் இருப்பது உரசினாலே பற்றும் கலவை. இறுக்கும்போதே, சுரண்டும்போதே பற்றிக்கொள்ளும். துவக்கு வரைக்கும் போக வேண்டிய அவசியமே இல்லை. இதைச் செய்யத் தெரிந்த ஒருவர் உங்கள் ஊரில் இருந்தால் அவரிடம் கற்றுக்கொள்ளாதீர்கள். உங்கள் பிள்ளைகளை அந்த வளவுக்குள் விளையாட விடாதீர்கள்.

இடியன் துவக்குக்கு மருந்து இடித்துத்தானே சுடுகிறோம்? அது மட்டும் எப்படிச் சரி?

இடியன் வேறு பிறவி. குழாயின் வாயால் கரிமருந்தைப் போட்டு, தும்போ துணியோ வைத்து இடித்து, சன்னத்தை (சிறு ஈய உருண்டைகளை) போட்டுச் சுடுவது. கரிமருந்து என்பது வெடியுப்பும் கரியும் கந்தகமும் சேர்ந்த பழைய மருந்து. சீனாவில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அறிந்தது. புகையில்லா மருந்தை 1884இல் போல் வியெய் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடிக்கும்வரை உலகத்துத் துவக்குகள் பெரும்பாலும் கரிமருந்தில்தான் ஓடின. அதன் அழுத்தம் குறைவு, புகை அதிகம், குழாயை விரைவில் அரிக்கும்.

இங்கே உயிர் பறிக்கும் தவறு ஒன்று இருக்கிறது. கடைத் தோட்டாவை வெட்டி அதன் மருந்தை இடியனுக்குள் கொட்டுவது. இடியனின் குழாய் அந்த அழுத்தத்துக்குச் செய்யப்பட்டதே இல்லை. பல இடியன்கள் பட்டறையில் தண்ணீர்க் குழாயில் செய்தவை என்பதும் உங்களுக்குத் தெரியும். அனுமதிப்பத்திரம் இல்லாத இடியன் சட்டவிரோதமானது. அனுமதிப்பத்திரம் உள்ள இடியன் என்றால் அதற்குரிய கரிமருந்தை அனுமதி பெற்ற இடத்தில், அனுமதித்த அளவில் மட்டுமே வாங்க வேண்டும்.

வயல் உழும்போது பழைய தோட்டாக்கள் வருகின்றன. அவற்றின் மருந்தை எடுக்கலாமா?

எடுக்காதீர்கள். தொடவும் வேண்டாம். மட்டக்களப்பு மாவட்டம் 2017இல் அறியப்பட்ட கண்ணிவெடி வயல்கள் அற்றதாக அறிவிக்கப்பட்டது உண்மை. 'அறியப்பட்ட' என்ற சொல்லைக் கவனியுங்கள். மண்ணுக்குள் கிடக்கும் ஒவ்வொரு எறிகணையையும் யாரும் எண்ணி எடுக்கவில்லை. கிணறு இறைக்கும்போதும், வரம்பு வெட்டும்போதும், குளக்கட்டில் மண் எடுக்கும்போதும் இன்னமும் வருகின்றன.

மண்ணில் பல ஆண்டுகள் கிடந்த தோட்டாவின் பித்தளை பச்சை பிடித்து மெலிந்திருக்கும், மருந்து சிதைந்திருக்கும். சில இராணுவக் குண்டுகளுக்குள் எரியும் பொருள் இருக்கும். தோட்டா என்று நினைத்து எடுப்பது வேறு ஏதோ ஒன்றின் தலைப்பகுதியாகவும் இருக்கலாம். உழவு இயந்திரத்தை நிறுத்துங்கள். வந்த தடத்திலேயே திரும்பி நடந்து வெளியே வாருங்கள். தூரத்தில் ஒரு கம்பில் துணி கட்டி அடையாளம் வைத்து 119க்கு அழையுங்கள், அல்லது கிராம உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். விசேட அதிரடிப்படையினரோ இராணுவத்தினரோ வந்து செயலிழக்கச் செய்வார்கள். உங்களைக் குற்றவாளியாக்குவார்களோ என்று பயந்து ஆற்றிலும் வாவியிலும் எறிபவர்கள் இருக்கிறார்கள். அந்த வாவியில் வலை வீசுபவனும் நம் ஆள்தான். பழைய இரும்புக்காரருக்கு விற்பது இன்னும் மோசம். அதை அவர் சுத்தியலால் அடிப்பார்.

தாத்தா காலத்து இங்கிலாந்துத் துவக்கு இருக்கிறது. கடைத் தோட்டா எதுவானாலும் போடலாமா?

போடக்கூடாது. பன்னிரண்டு போர் என்று பொதுவாகச் சொல்கிறோம்; ஓர் இறாத்தல் ஈயத்தில் பன்னிரண்டு சம உருண்டைகள் செய்தால் ஒன்று எந்தத் தடிப்போ அந்தத் தடிப்பில் குழாய், அதாவது 18.5 மில்லிமீற்றர். ஆனால் அறையின் நீளம் துவக்குக்குத் துவக்கு மாறும். பழைய இங்கிலாந்துத் துவக்குகள் பலவற்றில் 65 மில்லிமீற்றர். இன்றைய தோட்டா பெரும்பாலும் 70 அல்லது 76. நீளமான தோட்டா குட்டையான அறைக்குள் உட்கார்ந்துவிடும் என்பதுதான் ஆபத்து. சுடாத தோட்டாவின் வாய் மடித்திருப்பதால் நீளம் குறைவாகத் தெரிகிறது. சுடும்போது மடிப்பு விரிய இடம் இல்லாமல் அழுத்தம் எகிறும். துவக்கைக் கழற்றிக் குழாயின் அடியில் பொறித்திருக்கும் எண்களை ஒரு துவக்குத் திருத்துபவரிடம் காட்டிக் கேளுங்கள். குழாயின் மேல் பாய் பின்னல் போன்ற அழகான கோலம் தெரிந்தால், அது இரும்பும் உருக்கும் முறுக்கிச் செய்த பழைய குழாய். கரிமருந்துக் காலத்துப் பொருள். அதை எண்ணெய் பூசிச் சுவரில் மாட்டுங்கள், சுடாதீர்கள்.

இன்னொரு கொடிய தவறு: இருபது போர்த் தோட்டா பன்னிரண்டு போர்த் துவக்குக்குள் வழுக்கி இறங்கி, அறைக்கு முன்னால் குழாயில் சிக்கிக்கொள்ளும். துவக்கு வெறுமை என்று நினைத்துப் பின்னால் பன்னிரண்டு போரைப் போட்டுச் சுட்டால் இரண்டும் சேர்ந்து வெடிக்கும். இதைத் தடுக்கத்தான் இருபது போர்த் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் கொடுக்கிறார்கள். இரண்டு வகையையும் ஒரே பையில் போடாதீர்கள்.

மாரியில் தோட்டா நனைந்துவிடுகிறது. அடுப்புக்கு மேல் வைத்தால் காயாதா?

இந்தப் பழக்கம் படுவான்கரையில் பல வீடுகளில் இருந்தது. மிளகாயும் விதையும் வைக்கும் இடத்தில் தோட்டா. தயவுசெய்து நிறுத்துங்கள். வெப்பம் மருந்தைச் சிதைக்கும், வீடு பற்றினால் அணைக்க வருபவனுக்கு ஆபத்து. வெயிலில் காயவைப்பதும் வேண்டாம். நன்றாக மூடும் டின்னில், குளிர்ச்சியான உலர்ந்த இடத்தில், துவக்கிலிருந்து தனியாகப் பூட்டி வையுங்கள். எண்ணெய்க் கையால் தொடாதீர்கள்; மெல்லிய எண்ணெய் ஊறிக் கேப்பைச் சாகடிக்கும். கடதாசிக் கோது ஊதியிருந்தாலோ பித்தளை பச்சை பிடித்திருந்தாலோ அந்தத் தோட்டாவைப் பொலிஸில் ஒப்படையுங்கள்.

விசையை இழுத்தேன், வெடிக்கவில்லை. உடனே திறக்கலாமா?

வேண்டாம். கேப் பற்றி மருந்து தாமதமாகப் பிடிக்கலாம். குழாயை ஆள் இல்லாத பக்கம் நீட்டியபடியே முப்பது வரை மெல்ல எண்ணுங்கள். ஒரு நிமிடம் நின்றாலும் நட்டமில்லை. பிறகு முகத்தை விலக்கித் திறங்கள். மெல்லிய சத்தம் மட்டும் கேட்டிருந்தால், இன்னொரு தோட்டா போடுவதற்கு முன் தோட்டாவை அகற்றிவிட்டு, குழாயின் மறுமுனையில் வெளிச்சம் தெரிகிறதா என்று அறைப் பக்கமிருந்து பாருங்கள். வாய்ப் பக்கமிருந்து பார்க்க வேண்டாம்.

பன்றி தூரத்திலேயே ஓடிவிடுகிறது. ரைபிள் கிடைக்குமா?

பயிர்க் காவலுக்கு என்று கொடுப்பது சன்னத் துவக்குத்தான். அதற்குக் காரணம் இருக்கிறது. சிறு சன்னம் இருநூறு மீற்றர் அளவில் விழுந்துவிடும். பன்றிக்கு இடும் எஸ்.ஜி. என்ற பெரிய சன்னம் அறுநூறு மீற்றருக்கு மேல் போகும். ரைபிள் குண்டு கிலோமீற்றர் கணக்கில் போகும். கரடியனாறு வட்டையையோ சம்மாந்துறை வட்டையையோ நினைத்துப் பாருங்கள்: கண்ணுக்கெட்டிய தூரம் மட்டமான நிலம், குண்டைத் தடுக்க ஒரு மேடு இல்லை, ஒவ்வொரு பரணிலும் ஓர் ஆள். நம் வயலில் தவறிய குண்டு யாருடைய வாடியில் போய் விழும்?

ஆளில்லாமல் காக்கக் கட்டுத்துவக்கு வைக்கலாமா?

கட்டுத்துவக்கு என்பது கம்பி தட்டுப்பட்டால் தானே சுடும்படி கட்டி வைப்பது. கம்பியைத் தட்டுவது யாரென்று அதற்குத் தெரியாது. தேன் எடுக்கப் போனவன், மாடு தேடிப் போன பையன், விறகுக்குப் போன பெண் என்று எத்தனை பேர் தொடையில் சன்னத்தோடு வைத்தியசாலைக்கு வந்திருக்கிறார்கள். அது குற்றம், பாவமும்கூட. பன்றிக்கு என்று பழத்துக்குள் வைக்கும் வெடியும் அப்படித்தான். ஹக்கப் பட்டாஸ் என்று சிங்களத்தில் சொல்லும் அதை யானைக்குட்டி கடித்தால் தாடை சிதறும். தின்ன முடியாமல், தண்ணீர் குடிக்க முடியாமல் அது நாட்கணக்கில் நின்று சாகும். எருமைக்கும் அதே கதிதான். யானையைக் கொல்வது 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் காட்டுவிலங்குகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ்ப் பெருங்குற்றம். சன்னத்தால் சுட்ட யானை உடனே சாவதும் இல்லை. புண் சீழ்வைத்து, வலியில் வெறிகொண்டு, அடுத்த ஊர் வாடியைத்தான் முதலில் உடைக்கும்.

அப்போ வேளாண்மையை எப்படித்தான் காப்பது?

துவக்கால் மட்டும் எந்த வட்டையும் தப்பியதில்லை, இதை நான் துவக்கு வைத்திருப்பவனாகவே சொல்கிறேன். யானைக்குப் பலன் தருவது வயலைச் சுற்றிய பருவகால மின்வேலி: விதைத்தபின் போட்டு, அறுவடை முடிந்ததும் கழற்றுவது. யானை காட்டுக்குள்ளேயே நிற்கும் என்று நம்பிக் காட்டெல்லையில் போட்ட வேலிகள் பல இடங்களில் பலன் தரவில்லை. வேலிக்கு வெளியிலும் யானை வாழ்கிறது. மனித யானை மோதலுக்கான 2020ஆம் ஆண்டின் தேசியச் செயற்திட்டமும், கலாநிதி பிருதிவிராஜ் பெர்னாண்டோ தலைமையிலான குழு தயாரித்தது, ஊரையும் வயலையும் சுற்றிய வேலிகளையே முன்வைத்தது. வேலியைப் பராமரிப்பது கமக்காரர் அமைப்பின் வேலை. கொடி படர்ந்தால் மின் இறங்கிவிடும். அதற்குரிய கருவி ஒரு நொடிக்கு ஒரு துடிப்பு என்ற அளவில் மிகக் குறுகிய அதிர்ச்சிதான் கொடுக்கும், கொல்லாது. வீட்டு மின்சாரத்தை நேரடியாகக் கம்பியில் இணைப்பவர்கள் கொலைதான் செய்கிறார்கள். விடியலில் தண்ணீர் கட்டப் போகும் சொந்த அண்ணனே அதில் விழுந்த கதைகள் இங்கே உண்டு.

யானையை விரட்டக் கொளுத்தும் யானை வெடியை வனஜீவராசிகள் திணைக்களத்தின் வழியாகக் கேட்டுப் பெறுங்கள், அவசரத்துக்கு 1992. வெடியைக் கையில் பிடித்துக் கொளுத்துவது வீரம் இல்லை. திரி எவ்வளவு வேகமாக எரியும் என்று யாராலும் சொல்ல முடியாது. பன்றிக்கு, வரம்போடு ஒட்டி முழங்கால் உயரத்தில் நெருக்கமான வேலியும், முறைபோட்டுப் பரண் காவலும்தான் இன்றுவரை பலன் தந்தவை. பத்து வயற்காரர் சேர்ந்து முறை போட்டால் ஒருவருக்கு வாரத்தில் ஓர் இரவு, இரண்டு இரவுதான் வரும். எங்கள் வட்டையில் அப்படிச் செய்த போகத்தில் நான் நான்கு தோட்டாதான் சுட்டேன், நான்கும் வானத்துக்கு.

வெளிநாட்டில் இருக்கும் என் மகன் அங்கே நிரப்பப் பழக விரும்புகிறான். தடுக்கவா?

அந்த நாட்டுச் சட்டம் அனுமதித்து, அவனிடம் உரிய அனுமதியும் இருந்தால் தடுக்க வேண்டாம். தனியாகத் தொடங்க வேண்டாம் என்று மட்டும் சொல்லுங்கள். சுடும் கழகத்தில் அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் இருந்து கற்கட்டும். மருந்து அளவை அந்த மருந்தைச் செய்த நிறுவனத்தின் அச்சிட்ட கையேட்டிலிருந்து மட்டும் எடுக்கட்டும், அதிலும் குறைந்த அளவிலிருந்து தொடங்கட்டும். நண்பன் சொன்ன அளவு நண்பனின் துவக்குக்குரியது. கோது மாறினாலும் கேப் மாறினாலும் குண்டு மாறினாலும் அளவு மாறும். கண்ணாடி அணியட்டும், ஈயம் தொட்ட கையைக் கழுவாமல் பிள்ளையைத் தூக்க வேண்டாம்.

ஊருக்கு வரும்போது ஒரு வெற்றுக் கோதையும் நினைவுப் பொருளாகக் கொண்டுவர வேண்டாம். கட்டுநாயக்க விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்தால் அன்றைக்கு வீட்டுக்கு வர முடியாது.

அப்பா இறந்துவிட்டார். அலுமாரியில் துவக்கும், அவர் நிரப்பி வைத்த சில தோட்டாக்களும் இருக்கின்றன. என்ன செய்வது?

அனுமதிப்பத்திரம் ஆளுக்குரியது, ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டியது. பிள்ளைக்கு அது தானாக வராது. மரணச் சான்றிதழும் அப்பாவின் அனுமதிப்பத்திரமும் எடுத்துக்கொண்டு, முதலில் துவக்கு இல்லாமல் உங்கள் பகுதிப் பொலிஸ் நிலையத்துக்குப் போய் நிலைமையைச் சொல்லுங்கள். வீட்டில் நிரப்பிய தோட்டா இருக்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அவர்கள் வந்து எடுப்பதா, நீங்கள் கொண்டு போவதா என்பதை அவர்கள் சொன்ன பிறகு செய்யுங்கள். துவக்கு உங்களுக்கு வேண்டுமென்றால் கிராம உத்தியோகத்தர், பிரதேச செயலகம், கச்சேரி (மாவட்டச் செயலகம்) என்ற வழியில் உங்கள் பெயரில் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். காணி உறுதியும் கமநல சேவை நிலையத்தின் கடிதமும் கையில் இருந்தால் நல்லது.

அந்தத் தோட்டாக்களைச் சுட்டுப் பார்க்க வேண்டாம். அவற்றுக்குள் எந்த மருந்து எவ்வளவு இருக்கிறது என்று அறிந்தவர் அவர் ஒருவர்தான். என் பெரியப்பா போன பிறகு பெரியம்மா ஒரு பால்மா டின்னில் ஏழு தோட்டாவைக் கண்டெடுத்தார். அதை நானும் என் தம்பியும் சைக்கிளில் எடுத்துப் போகவில்லை. பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர் வந்து, டின்னைத் திறக்காமலே மணல் வாளிக்குள் வைத்து எடுத்துப் போனார்.